நகரங்களின் பட்டியலில் திட்டக் குழுவின் கைரேகையைத் தேடுவது எப்படி? சோவியத் ஒன்றியத்தை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நாட்டில் எந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற பட்டியலை மட்டும் கையில் கொடுத்தால் போதும், அந்த நாட்டை யார் எப்படி நடத்தினார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். கொஞ்சம் மிகையாகப் படலாம். ஆனால் செய்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியும். இதற்குப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம். ஒரு நோட்டும் கால்குலேட்டரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நகரப் பட்டியலும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடித்துவிடலாம்.

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது சோவியத் ஒன்றியம். முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய 1928இலிருந்து 1991 வரை, எந்த ஊரில் எந்த ஆலை, அதில் எத்தனை தொழிலாளர், அவர்களுக்கு எத்தனை வீடு என்று மாஸ்கோவில் உட்கார்ந்து முடிவு செய்த நாடு அது. நிலத்துக்கு விலை இல்லை, வாடகைச் சந்தை இல்லை, நினைத்த ஊருக்குக் குடிபோகும் உரிமையும் இல்லை. இவ்வளவு முழுமையாக, இவ்வளவு பெரிய பரப்பில், இவ்வளவு நீண்ட காலம் வேறெங்கும் இது நடந்ததில்லை.

முதல் படி: தர எண்ணால் பெருக்குங்கள்

1913இல் ஃபெலிக்ஸ் ஆவர்பாக் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நகரங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் மக்கள்தொகையையும் அதன் தர எண்ணால், அதாவது வரிசையில் அது நிற்கும் இடத்தின் எண்ணால், பெருக்கினால், ஏறக்குறைய ஒரே விடை திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டாவது நகரம் முதல் நகரத்தில் பாதி, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, பத்தாவது பத்தில் ஒரு பங்கு. பின்னால் ஜார்ஜ் ஜிப்ஃப் இதைப் பரவலாக்கியதால் ஜிப்ஃப் விதி என்ற பெயர் நிலைத்துவிட்டது. விதி என்று பெயரே தவிர, புவியீர்ப்பு மாதிரி கறாரானது அல்ல. மக்கள் தாமாக இடம்பெயரும் பல நாடுகளில் தோராயமாக ஒத்துவரும், அவ்வளவுதான். நமக்கு இது ஓர் அளவுகோல். எங்கே ஒத்துவரவில்லையோ அங்கேதான் கதை இருக்கிறது.

1989 சோவியத் கணக்கெடுப்பை எடுத்து, எண்களை முழுமையாக்கிப் போடுங்கள்:

மாஸ்கோ: 1 × 88 லட்சம் = 88 லட்சம்
லெனின்கிராட்: 2 × 45 லட்சம் = 90 லட்சம்
கீவ்: 3 × 26 லட்சம் = 78 லட்சம்
தாஷ்கண்ட்: 4 × 21 லட்சம் = 84 லட்சம்

அடடா, இவ்வளவு கச்சிதமாக இருக்கிறதே என்று தோன்றும். இங்கேயே நிறுத்தி, திட்டமிடல் எதையும் மாற்றவில்லை என்று எழுதியவர்களும் இருக்கலாம். நிறுத்தாதீர்கள். பத்தாவது இடத்தில் உள்ள நகரத்தில் சுமார் 13 லட்சம் பேர். பெருக்கினால் 1 கோடியே 30 லட்சம். இருபதாவது இடத்தில் சுமார் 11 லட்சம். பெருக்கினால் 2 கோடியே 20 லட்சம். விதிப்படி இருபதாவது நகரம் ஐந்து லட்சத்தைக்கூட எட்டியிருக்கக் கூடாது.

அதாவது தலை (பட்டியலின் உச்சியில் உள்ள நகரங்கள்) அமுங்கி, தோள் (அடுத்து வரும் நகரங்கள்) புடைத்த உருவம். 10 லட்சத்தைச் சுற்றி நகரங்கள் பஸ்ஸில் நிற்பவர்கள் போல நெருக்கியடித்து நிற்கின்றன. 1959இல் அந்த நாட்டில் 10 லட்சம் தாண்டிய நகரங்கள் மாஸ்கோ, லெனின்கிராட், கீவ் என்று மூன்றுதான். முப்பது ஆண்டில் அது இருபதுக்கு மேல் போய்விட்டது. ஆனால் 30 லட்சத்துக்கும் 40 லட்சத்துக்கும் இடையில் ஒரு நகரம்கூட இல்லை. இந்தத் தட்டையான தோள்தான் மையத் திட்டமிடலின் கைரேகை என்பது என் கருத்து. மீதிப் படிகள் எல்லாம் அது எப்படி விழுந்தது என்று பார்ப்பதற்கே.

இரண்டாம் படி: எல்லைக்கோட்டைச் சரிபாருங்கள்

பலர் வழுக்கி விழும் இடம் இது. இதே பெருக்கலை 2021 ரஷ்யக் கணக்கெடுப்பில் செய்து பாருங்கள். மாஸ்கோ 1 கோடியே 30 லட்சம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பழைய லெனின்கிராட், 56 லட்சம், பெருக்கினால் 1 கோடியே 12 லட்சம். மூன்றாவதான நோவோசிபிர்ஸ்க் வெறும் 16 லட்சம் சொச்சம், பெருக்கினால் 49 லட்சம். பிறகு பெருக்கல் விடை மறுபடி ஏறுகிறது: பத்தாவது உஃபாவுக்கு 1 கோடியே 14 லட்சம், பதினாறாவது வோல்கோகிராடுக்கு 1 கோடியே 64 லட்சம்.

மூன்றாம் இடத்தில் இவ்வளவு பெரிய பள்ளம்! உடனே அதற்கும் சோவியத் திட்டக் குழுவான கோஸ்பிளான்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். கீவ், தாஷ்கண்ட், கார்கிவ், மின்ஸ்க் எல்லாம் 1991இல் வேறு நாடுகளுக்குப் போய்விட்டன. மூன்றிலிருந்து ஆறு வரையிலான இடங்களில் இருந்தவர்கள் படத்திலிருந்தே வெளியேறினால் பள்ளம் விழத்தானே செய்யும்? பள்ளத்தில் பெரும்பங்கு அரசியல் எல்லை செய்த வேலை. திட்டம் செய்தது அதற்குப் பின்னால் வரும் ஏற்றத்தை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ஆய்வே தப்பாகிவிடும்.

நகராட்சி எல்லையும் ஏமாற்றும். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள நோரில்ஸ்க் நகரத்தில் 2002இல் 1 லட்சத்து 35 ஆயிரம் பேர், 2010இல் 1 லட்சத்து 75 ஆயிரம். வளர்ந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. நடுவில் தல்னாக், கயேர்கான் என்ற இரண்டு பக்கத்து ஊர்களை அதோடு இணைத்துவிட்டார்கள். எந்த எண்ணையும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதற்கு முன் எல்லை மாறியதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: ஆலையிலிருந்து ஊரைக் கணக்கிடுங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. சோவியத் நகரத் திட்டப் பொறியாளரின் மேஜையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

நமக்குத் தெரிந்த வழக்கில் முதலில் ஊர், அப்புறம் அங்கே வேலை, அதைத் தேடி இன்னும் கூட்டம். அங்கே தலைகீழ். ஒரு தொழில்துறை அமைச்சகம் இத்தனை டன் எஃகு, இத்தனை லாரி என்று இலக்கு வாங்கும். அதிலிருந்து தொழிலாளர் எண்ணிக்கை வரும். அந்தத் தொழிலாளர்களை 'நகரத்தை உருவாக்கும் பிரிவு' என்று அழைத்தார்கள். ரொட்டிக் கடை, பள்ளி, மருத்துவமனை, டிராம் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் 'சேவைப் பிரிவு'. குழந்தைகளும் முதியவர்களும் மூன்றாவது பிரிவு. ஒவ்வொரு பிரிவும் மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் என்பதற்கு ஒரு நெறி உண்டு.

எடுத்துக்காட்டாக, ஆலைக்கு 30,000 பேர் தேவை, நகரத்தை உருவாக்கும் பிரிவு மொத்தத்தில் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 30,000ஐ 0.30ஆல் வகுத்தால் 1 லட்சம். ஊரின் அளவு முடிந்தது! ஒருவருக்கு 9 சதுர மீட்டர் வசிப்பிடம் என்ற நெறியால் பெருக்கினால் எவ்வளவு வீடு கட்ட வேண்டும் என்பதும் வந்துவிடும். அதிலிருந்து மழலையர் பள்ளி, சினிமா அரங்கு, குளியல் கூடம் என்று எல்லாமே கணக்காய் வரும். ஊரில் இன்னும் முதல் ஆள் குடிவரவில்லை, ஆனால் பிறக்கப்போகும் குழந்தைகளுக்குக்கூட இடம் ஒதுக்கியாயிற்று.

வோல்கா நதிக்கரையில் ஸ்தாவ்ரோபோல் என்ற சின்ன ஊர் இருந்தது. அணைக்காக 1950களில் பழைய ஊர் தண்ணீருக்குள் போனது, மக்களை மேட்டுக்கு நகர்த்தினார்கள். 1964இல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவரின் நினைவாக தொல்யாத்தி என்று பெயர் மாறியது. 1966இல் ஃபியட்டுடன் கார் ஆலைக்கு ஒப்பந்தம், 1970இல் முதல் கார்கள். அந்த ஆண்டு மக்கள்தொகை இரண்டரை லட்சம். 1979இல் ஐந்து லட்சம், 1989இல் 6 லட்சத்து 30 ஆயிரம். இன்னொன்று நாபெரெஷ்னியே செல்னி. 1970இல் 38 ஆயிரம் பேர் இருந்த ஊர். கமாஸ் லாரி ஆலை வந்தது, 1979இல் 3 லட்சம், 1989இல் 5 லட்சம்.

இருபது ஆண்டில் பத்து மடங்குக்கு மேல்! இயல்பாக வளரும் ஊர் இப்படி வளராது. தேவை எழுந்து, கடை வந்து, சந்தை கூடி, பக்கத்து கிராமம் சேர்ந்து என்று படிப்படியாகப் போகும். இங்கே ஒரே ஒரு முடிவு, ஒரே ஒரு ஆலை. ஆகவே உங்கள் பட்டியலில் எந்த ஊர் இரண்டு கணக்கெடுப்புகளுக்குள் தடாலென்று மேலே வந்திருக்கிறது என்று குறித்துவைத்து, அதன் பக்கத்தில் ஆலையின் பெயரை எழுதுங்கள். இப்படிப் பல ஊர்களுக்கு ஒரு பெயர் கிடைக்கும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் அமைதிக்காலக் கணக்கைக் காரணம் சொல்லிவிட முடியாது. 1941 ஜூலையிலிருந்து நவம்பருக்குள் ஜெர்மன் படைகளிடமிருந்து தப்பிக்க 1,500க்கும் மேற்பட்ட பெரிய ஆலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றி வோல்கா பகுதிக்கும் யூரலுக்கும் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் அனுப்பினார்கள். செல்யாபின்ஸ்க் டாங்கிகளின் ஊரானது அப்படித்தான். போர் முடிந்ததும் அந்த ஆலைகளில் பல திரும்பவில்லை, அவற்றைச் சுற்றி ஊர்கள் கெட்டிப்பட்டுவிட்டன.

நான்காம் படி: கதவை யார் பூட்டினார்கள் என்று பாருங்கள்

ஊரை உருவாக்குவது ஒரு கை என்றால், ஊருக்குள் வரவிடாமல் தடுப்பது இன்னொரு கை. பட்டியலின் தலை ஏன் அமுங்கியது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

1931 ஜூனில் கட்சியின் மத்தியக் குழு, மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் இனிப் புது ஆலைகள் வேண்டாம் என்று தீர்மானித்தது. 1932 டிசம்பர் 27இல் உள்நாட்டு பாஸ்போர்ட்டும் அதோடு ப்ரோபிஸ்கா என்ற குடியிருப்புப் பதிவும் வந்தன. பாஸ்போர்ட்டின் பக்கத்தில் ஒரு சிறிய செவ்வக முத்திரை, அதில் உங்கள் முகவரி. அந்த முத்திரை இல்லாமல் அந்த ஊரில் வேலை கிடைக்காது. வேலையோ வீடோ இல்லாமல் முத்திரை கிடைக்காது. ஒருவரை ஊருக்கு வெளியே நிறுத்த மதிலே வேண்டியதில்லை, இந்த வட்டமே போதும். கூட்டுப்பண்ணை விவசாயிகளின் நிலை இன்னும் மோசம். பெரும்பாலோருக்கு பாஸ்போர்ட்டே தரவில்லை. அவர்களுக்கும் தரலாம் என்ற முடிவு 1974இல்தான் வந்தது. ஒரு தலைமுறைக்கு மேல், பிறந்த கிராமத்தை விட்டுக் கிளம்பவே பண்ணைத் தலைவரின் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்த மனிதர்கள் இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதை மறக்காமல் இந்தப் படியைச் செய்யுங்கள்.

கதவு முழுசாகப் பூட்டியதா? இல்லை. 1935 மாஸ்கோ பொதுத் திட்டம் நகரம் 50 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்றது. 1959 கணக்கெடுப்பிலேயே தாண்டிவிட்டது. காரணம், அதே அமைச்சகங்கள்தான். ஆள் போதவில்லை, எங்களுக்கு மட்டும் இத்தனை பேருக்கு அனுமதி கொடுங்கள் என்று ஒவ்வொரு ஆலையும் ஒதுக்கீடு வாங்கியது. அப்படி வந்தவர்களை 'லிமிட்சிக்' என்று கூப்பிட்டார்கள். ஒதுக்கீட்டில் வந்தவர் என்று அர்த்தம், கூடவே ஓர் ஏளனமும். விடுதி அறையில் பல ஆண்டு தங்கி, மாஸ்கோவாசிகள் தொடாத வேலையைச் செய்து, நிரந்தர முத்திரைக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். முத்திரைக்காகவே பெயரளவில் கல்யாணம் செய்துகொள்வதும் சாதாரணமாக நடந்தது.

ஆக, நகரத்தைச் சிறிதாக வைக்க வேண்டும் என்றது திட்டம், உற்பத்தி இலக்கை முடிக்க வேண்டும் என்றதும் அதே திட்டம். இரண்டும் மோதியபோது பெரும்பாலும் உற்பத்திதான் ஜெயித்தது. மாஸ்கோ அமுங்கியது, ஆனால் கேட்ட அளவுக்கு அமுங்கவில்லை.

ஐந்தாம் படி: 10 லட்சம் என்ற கோட்டை உற்றுப் பாருங்கள்

நகரங்கள் ஏன் சரியாக 10 லட்சத்தைச் சுற்றிக் குவிகின்றன? ஒரு காரணம் மெட்ரோ ரயில். 10 லட்சம் மக்கள்தொகை இருந்தால்தான் மெட்ரோ கேட்க முடியும் என்பது சோவியத் காலத்து வழக்கு. உள்ளூர்த் தலைவர்களுக்கு அந்தக் கோட்டைத் தொடுவது ஒரு இலக்கே ஆகிவிட்டது. ஆலை விரிவாக்கம் கேட்பது, பக்கத்து ஊரைச் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் அது ஓர் ஊக்கம்.

சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரம் இந்தக் கோட்டைத் தாண்டி மெட்ரோவுக்கும் தகுதி பெற்றது. கட்டுமானம் 1992இல் தொடங்கியது. அதற்குள் பணம் கொடுக்கவேண்டிய நாடே இல்லை. 2011இல் புஷ்கின் நூலகத்தின் பெயரில் ஒரே ஒரு நிலையம் திறந்தார்கள். மெட்ரோ என்று எழுதிய பலகையைப் பார்த்துப் படியிறங்கிப் போனால், சாலையைக் கடந்து மறுபக்கம் ஏறலாம், அவ்வளவுதான். ரயில் வரவே இல்லை. 2018இல் திட்டத்தையே கைவிட்டார்கள். 11 லட்சம் மக்கள் உள்ள நகரத்தில், ஓர் எண்ணுக்காக ஓடிய ஓட்டத்தின் மிச்சம் அந்தச் சுரங்கப்பாதை.

ஆறாம் படி: குளிரையும் கணக்கில் சேருங்கள்

பட்டியலில் அளவு சரியாகத் தெரிந்தாலும் இடம் தப்பாக இருக்கலாம். அதைப் பிடிக்க ஃபியோனா ஹில், கிளிஃபர்ட் காடி ஆகிய ஆய்வாளர்கள் ஓர் எளிய அளவையைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு ஊரின் ஜனவரி சராசரி வெப்பநிலையை அதன் மக்கள்தொகையால் பெருக்கி, கூட்டி, மொத்த மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். 10 லட்சம் பேர் மைனஸ் 10 டிகிரியிலும் 5 லட்சம் பேர் மைனஸ் 25 டிகிரியிலும் இருந்தால், சராசரி மனிதருக்குக் குளிர் மைனஸ் 15. சோவியத் காலத்தில் ரஷ்யாவின் சராசரி மனிதர் சுமார் ஒரு டிகிரி கூடுதல் குளிருக்குப் போனார். அதே காலத்தில் கனடாவின் சராசரி மனிதர் கதகதப்பான பக்கம் நகர்ந்தார்.

ஒரு டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். கோடிக்கணக்கான மக்களின் சராசரியை நகர்த்துவதற்கு எத்தனை ஊர்களை எவ்வளவு வடக்கே வைக்க வேண்டும்! நோரில்ஸ்க் 69 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. 1930களில் கைதிகளின் உழைப்பில் தொடங்கிய நிக்கல் நகரம். நிரந்தரப் பனிநிலத்தில் கட்டடங்கள் தூண்கள்மேல் நிற்கின்றன, அடியில் காற்றுப் போகாவிட்டால் வீட்டின் சூட்டில் நிலம் உருகித் தளம் இறங்கிவிடும். நாட்டின் மற்ற பகுதிகளோடு அதற்கு இன்றும் சாலையோ ரயிலோ இல்லை. கனடாவும் வடக்கே சுரங்கம் தோண்டுகிறது. ஆனால் அங்கே 62 டிகிரியில் உள்ள யெல்லோநைஃப் 20 ஆயிரம் பேர் கொண்ட ஊராகவே நின்றுவிட்டது. தங்கம் எடுத்த காலத்தில் அதற்கு அவ்வளவு பேர் போதுமாக இருந்தது. இரண்டு லட்சம் பேரைக் குடும்பத்தோடு குடியமர்த்தி, பள்ளியும் பூங்காவும் கட்டி, குளிர்காலம் முழுக்கச் சூடேற்றும் செலவை யாராவது விலையாகக் கணக்குப் போட்டிருந்தால் சோவியத்தும் அப்படித்தான் முடிவு செய்திருக்கும். எரிபொருளுக்கும் ரயில் பயணத்துக்கும் உண்மை விலை இல்லாத இடத்தில் தூரமும் குளிரும் கணக்கில் ஏறுவதில்லை. மக்னிதோகோர்ஸ்க் எஃகு ஆலைக்கு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் குஸ்நெத்ஸ்க்கிலிருந்து நிலக்கரி ரயிலில் வந்துகொண்டிருந்ததும் அதனால்தான்.

ஏழாம் படி: ஒரு கை மட்டும் இருந்த நாட்டோடு ஒப்பிடுங்கள்

இந்தியாவிலும் திட்டக் குழு இருந்தது, 1950 முதல் 2014 வரை. சோவியத் உதவியோடு பிலாய் எஃகு ஆலை வந்தது, நம் நெய்வேலியின் முதல் அனல் மின்நிலையமும் அதே உதவியில் வந்ததுதான். நெய்வேலியின் எண் போட்ட பிளாக்குகளில் நடந்தவர்களுக்கு, ஆலையிலிருந்து ஊரைக் கணக்கிடுவது எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தியாவில் கதவைப் பூட்டும் கை இல்லை. நாட்டில் எங்கும் போகவும் குடியிருக்கவும் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு உரிமை தருகிறது. அதனால் புது நகரங்கள் முளைத்தாலும், பம்பாய்க்கும் டெல்லிக்கும் மதராஸுக்கும் ரயிலேறியவர்களை யாரும் முத்திரை கேட்டுத் திருப்பி அனுப்பவில்லை. தலை அமுங்கவில்லை.

சீனாவில் இரண்டு கையும் இருந்தன. 1958இல் ஹுகோ என்ற குடியிருப்புப் பதிவு, 1964இலிருந்து உள்நாட்டு மலைகளுக்குள் ஆலைகள். ஆனால் 1980இல் ஷென்ஜென் போன்ற இடங்களில் ஒரு கையைத் தளர்த்தினார்கள். 2020இல் அங்கே 1 கோடியே 75 லட்சம் பேர். சீனப் பட்டியலைச் செய்யும்போது 1980க்கு முன், பின் என்று இரண்டு முறை செய்யுங்கள்.

எட்டாம் படி: மூடியைத் திறந்த பிறகு என்ன ஆனது என்று பாருங்கள்

கடைசிச் சோதனை இது. உருவத்தை வடித்தது திட்டம்தான் என்றால், திட்டம் போன பிறகு உருவம் மாறத் தொடங்க வேண்டும். மாறுகிறது. 1989க்கும் 2021க்கும் இடையில் மாஸ்கோ 88 லட்சத்திலிருந்து 1 கோடியே 30 லட்சம். தெற்கே வெயில் உள்ள கிராஸ்னோடார் 6 லட்சத்து 20 ஆயிரத்திலிருந்து 11 லட்சம். தோளில் நின்ற நீஷ்னி நோவ்கோரோத், பழைய கோர்க்கி, 14 லட்சத்திலிருந்து 12 லட்சமாக இறங்கியது. வடகிழக்கே மகதான் 1 லட்சத்து 52 ஆயிரத்திலிருந்து 91 ஆயிரம். ஆர்க்டிக் நிலக்கரி ஊரான வோர்குத்தா 1 லட்சத்து 16 ஆயிரத்திலிருந்து 57 ஆயிரம்.

ஆனால் எவ்வளவு மெதுவாக என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுக்குப் பிறகும் 10 லட்சத்தைச் சுற்றிய குவியல் அப்படியே இருக்கிறது. ஒற்றை ஆலையை நம்பிய 'மோனோ நகரங்கள்' என்று 2014இல் ரஷ்ய அரசு பட்டியலிட்டவை 300க்கு மேல். ஆலை மூடினாலும் வீடு அங்கேயே நிற்கும், அதை வாங்க ஆள் இருக்காது. வீட்டை விற்காமல் வேறு ஊரில் வீடு வாங்கப் பணம் எங்கிருந்து வரும்?

வடக்கிலிருந்து வெளியேற விரும்புவோருக்கு வீட்டு மானியம் தரும் சட்டம் 2002இல் வந்தது. அதற்கு வரிசை உண்டு. வோர்குத்தாவைச் சுற்றிய சுரங்கக் குடியிருப்புகளில் பல வீடுகள் காலி. ஐந்து மாடிக் கட்டடத்தில் விளக்கெரிவது இரண்டு மூன்று ஜன்னலில். முழுக் கட்டடத்துக்கும் வெந்நீர்க் குழாய் ஓடியாக வேண்டும், இல்லையென்றால் அந்த இரண்டு மூன்று வீடும் உறைந்துவிடும். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் அங்கே, தங்கள் வரிசை எண் இந்த ஆண்டு எத்தனை இடம் முன்னேறியது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.